ஓதலும் படிப்பும்: கண்டிப் பிரதேச இஸ்லாமியக் கல்வி மரபு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

இலங்கை முஸ்லிம்களின் பேச்சு வழக்கிலே கல்வியைக் குறிக்க இரு வினைச்சொற்கள் வழங்குகின்றன. பிள்ளை பாடசாலைக்குப் 'படிக்க'ப் போகிறது. மத்ரஸாவுக்கு 'ஓத'ப் போகிறது. கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கம்பளை முதலிய ஊர்களிலும் இவ்வேறுபாடு இன்றும் மயக்கமின்றிப் பேணப்படுகின்றது. ஓதுபவருக்குப் படிப்பு இல்லாதிருக்கலாம். படித்தவருக்கு ஓதல் குறைவாக இருக்கலாம். ஒன்று மறுமைக்குரியது என்றும் மற்றது இம்மைக்குரியது என்றும் அவற்றுக்கு விளக்கமும் கூறப்படுகின்றது.

தமிழ் மொழியின் பழைய வழக்கை நோக்கும்போது இப்பாகுபாடு இயல்பானதாகத் தோன்றவில்லை. தொல்காப்பியத்திலே 'ஓதல்' என்பது கல்வியையே குறிக்கும். கல்வியின் பொருட்டுத் தலைவன் பிரியும் பிரிவு 'ஓதற் பிரிவு' எனப்பட்டது. முஸ்லிம்களின் வழக்கிலே அச்சொல் திருக்குர்ஆனையும் சமய நூல்களையும் கற்பதற்கு உரியதாகச் சுருங்கியமைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்கள் சிலவற்றைக் கண்டிப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதும், அதுபற்றி இதுவரை எழுதப்பட்டுள்ளவற்றில் மேலோங்கி நிற்கும் ஒரு கண்ணோட்டத்தை விமரிசிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலோங்கி நிற்கும் அக்கண்ணோட்டம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை முஸ்லிம்கள் அறியாமை இருளில் மூழ்கியிருந்தனர். அறிஞர் சித்திலெப்பை தோன்றினார். ஸாஹிராக் கல்லூரி எழுந்தது. பின்னர் தலைவர்கள் வரிசையாக வந்து ஒளியை வளர்த்தனர் என்பதே அது. நினைவு மலர்களிலும் விழாச் சொற்பொழிவுகளிலும் இவ்வாய்பாடு சலிப்பின்றித் திரும்பத் திரும்ப வருகின்றது. தனிமனிதரின் பணிகளை இது பெருமைப்படுத்துகின்றதேயன்றி, கல்வியிலிருந்து அவ்வக் காலச் சமூகம் எதனை எதிர்பார்த்தது, அவ்வெதிர்பார்ப்பு ஏன் மாறியது என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்பாமல் விழுமியங்களின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுதல் இயலாது.

2

இஸ்லாமியக் கல்விச் சிந்தனையின் மூல ஊற்றுக்களிலே சமய அறிவு, உலக அறிவு என்னும் இறுக்கமான பிரிவினை இடம்பெறவில்லை. பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலே பக்தாதின் நிஸாமிய்யாவிற் பேராசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி, அறிவைத் தனிமனிதர் ஒவ்வொருவர் மீதும் கடமையானது எனவும், சமூகத்திற் சிலரேனும் கற்றாக வேண்டிய கூட்டுக் கடமை எனவும் பகுத்தார். வைத்தியமும் கணிதமும் அவரது பகுப்பிலே கூட்டுக் கடமையான அறிவுகளாகும். தம் காலத்தவர் சட்டக் கல்வியின் பின்னே திரண்டோடுவதையும், பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் இல்லாதிருந்தும் எவரும் அத்துறையை நாடாதிருப்பதையும் அவர் கடிந்துரைத்தார். செல்வமும் பதவியும் தரும் படிப்பையே சமயப் படிப்பு என்று போர்த்திக் கொள்ளும் போக்கை அவர் இனங்கண்டிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்டி இராச்சியத்து முஸ்லிம்களின் வாழ்க்கையிலே இவ்விரு வகை அறிவும் அருகருகே இருந்தன. 1626 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தமை நன்கறியப்பட்ட செய்தி. கண்டி அரசின் நிருவாக ஒழுங்கிலே 'மடிகே பத்த' எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவில் அவர்கள் முக்கிய இடம் வகித்தனர். மன்னரின் வைத்தியராகப் பணிபுரிந்து நிலமானியம் பெற்ற கோபால வைத்திய பரம்பரையினரும் முஸ்லிம்களே. பேராசிரியை லோர்னா தேவராஜா 1994 இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல் இவ்வுறவுகளை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளது. வணிகக் கணக்கு, பாதைகளையும் பருவங்களையும் பற்றிய அறிவு, மருந்து மூலிகை அறிவு, அயலவரின் சிங்கள மொழி ஆகிய அனைத்தும் இச்சமூகத்திலே தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டன. இவை எழுத்துக்கூடத்தில் அன்றித் தொழிலின் வழியே கற்கப்பட்டவை. ஆதலால், ஆங்கிலேயர் ஏற்படுத்திய பாடசாலையின் அளவுகோலைக் கொண்டு நோக்குவோருக்கு இவை கல்வியாகவே தோன்றவில்லை.

ஊரின் ஓதற்பள்ளி இதனோடு இணைந்து இயங்கியது. லெப்பை என அழைக்கப்பட்டவர் பள்ளிவாசலின் புறத்தேயோ தம் வீட்டுத் திண்ணையிலோ பிள்ளைகளை அமர்த்தி, மரப்பலகையில் அறபு எழுத்துக்களை எழுதிக் கொடுத்து ஓதக் கற்பித்தார். அங்கு பேணப்பட்ட முதன்மையான விழுமியம் 'அதபு', அதாவது ஒழுக்கமும் பணிவும் ஆகும். பெரியோர் முன் நடந்துகொள்ளும் முறை, உணவின் தூய்மை, கடனைத் திருப்பிக் கொடுத்தல், அளவையில் நேர்மை ஆகியன ஓதலோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டன.

இக்கல்வியின் குறைபாட்டை மறைப்பதும் நேர்மையன்று. ஓதப்பட்ட அறபு வாசகத்தின் பொருள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. குரல் பயின்றது, கருத்து எட்டவில்லை. இவ்விடைவெளியை ஓரளவுக்கு நிரப்பியது அறபுத் தமிழாகும். தமிழ் மொழியை அறபு எழுத்திலே எழுதும் இம்முறையில் சட்ட விளக்கங்களும், திருக்குர்ஆன் விரிவுரைகளும், மாலைகளும் தோன்றின. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய தமிழகத் துறைகளிலிருந்து வந்த ஆலிம்கள் இம்மரபை இலங்கையின் உள்நாடுவரை கொண்டு வந்தனர். தமிழ் எழுத்தை அறியாத பெண்கள் அறபெழுத்தின் வழியே தமிழ் நூல்களை வாசித்தனர். அக்குறணையை அடுத்த கசாவத்தையிலே ஆலிமாகவும் புலவராகவும் ஒருவர் திகழ்ந்து, 'கசாவத்தை ஆலிம் புலவர்' என அவ்விரு பெயராலும் அறியப்பட்டமை, சமய அறிவும் தமிழறிவும் ஒருவரிடத்தே இணைந்திருக்க முடிந்த காலத்தின் சான்றாகும். இத்தகையோர் வாழ்ந்த ஊர்களையே 'இருள்' என்னும் ஒரே சொல்லால் நம்மவர் மூடிவிடுகின்றனர்.

3

இம்முறைமை ஏன் போதாததாயிற்று? விடை கல்விக்கு வெளியே உள்ளது. ஆங்கிலேயர் 1815 இல் கண்டியைக் கைப்பற்றிய பின்னர் பாதைகளும் கோப்பித் தோட்டங்களும் பெருகின. 1867 ஆம் ஆண்டு கொழும்பு-கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பொதிமாடுகளை ஓட்டி நாடெங்கும் பண்டம் பரிமாறிய 'தவளம்' என்னும் முறைமை அத்துடன் தன் பொருளாதார அடிப்படையை இழந்தது. கடைத்தெருவிலே நிலைகொண்ட வணிகனுக்கு உறுதி, குத்தகை, நீதிமன்றம், வங்கி ஆகியவற்றின் மொழி தேவைப்பட்டது. அம்மொழி ஆங்கிலமாக இருந்தது. அதனைக் கற்பித்த பாடசாலைகளோ கிறித்தவ சபைகளுக்கு உரியனவாக இருந்தன. கண்டியில் 1872 இலே திரித்துவக் கல்லூரியும் 1879 இலே பெண்கள் உயர்தரப் பாடசாலையும் தோன்றிவிட்டன. பிள்ளையை அங்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சமும், அனுப்பாவிடின் வாழ்வு பின்தங்கும் என்ற அச்சமும் ஒருங்கே நிலவிய காலம் அது.

இந்நெருக்கடியின் நடுவிலேதான் மு. கா. சித்திலெப்பை நிற்கின்றார். 1838 இல் கண்டியிலே பிறந்து, பிறக்கிராசியாகத் தொழில் புரிந்து, கண்டி மாநகர சபையிலும் அங்கம் வகித்த அவர், சட்டத்தின் வழியே குடியேற்ற ஆட்சியை உள்ளிருந்து அறிந்தவர். அறபு மொழியிலும் சூபித்துவ ஞானத்திலும் ஆழ்ந்த பயிற்சி பெற்றவர். 1882 டிசம்பரில் அவர் 'முஸ்லிம் நேசன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், செப்டெம்பரில், எகிப்தின் தெல் எல் கபீர் போர்க்களத்தில் அஹ்மத் உறாபி பாஷாவின் படை ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றது. 1883 சனவரியில் உறாபியும் அவரது தோழர்களும் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினர். பின்னர் கண்டிக்கு இடம்பெயர்ந்த உறாபி, 1901 இல் எகிப்து திரும்பும்வரை இலங்கையில் வாழ்ந்தார். அடிமைப்பட்ட கீழைத்தேயத்தின் பொதுத் துயரமும், அதனை வெல்லக் கல்வி வேண்டும் என்ற உணர்வும் இச்சந்திப்பினால் வலுப்பெற்றன.

சித்திலெப்பையின் முயற்சியை அக்காலத்துப் பிற இயக்கங்களிலிருந்து பிரித்துக் காண்பதும் தவறு. ஆறுமுக நாவலர் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையை நிறுவினார். வட இந்தியாவில் சேர் செய்யித் அஹ்மத் கான் 1875 இலே அலிகாரில் கல்விக்கூடம் தொடங்கினார். கண்டியிலேயே பௌத்த பிரமஞான சங்கத்தின் முயற்சியால் 1887 இல் தர்மராஜக் கல்லூரி எழுந்தது. மிஷனரியின் கல்விக் கருவியை மிஷனரிக்கு எதிராகவே கையாளுதல் இவை அனைத்திற்கும் பொதுவான உத்தியாகும். புதிதாகத் தோன்றிய வணிக, உத்தியோக வர்க்கமே இவற்றின் நிதியாதாரமாகவும் முதற் பயனாளியாகவும் இருந்தது என்பதும் பொதுவானதே. கொழும்பில் 1884 இலே சித்திலெப்பை தொடங்கிய பாடசாலை நீடிக்கவில்லை. 1892 இல் அங்கு ஸாஹிரா நிலைபெற்றபோது அதனைத் தாங்கி நின்றவர் கொழும்பின் பெருங்கட்டட ஒப்பந்தகாரரான வாப்பிச்சி மரைக்காயர். சிந்தனைக்குச் செல்வத்தின் ஆதரவு கிடைத்தபோதே நிறுவனம் நிலைத்தது.

ஆயினும், ஓர் அம்சத்தில் சித்திலெப்பை தம் காலத்தை விஞ்சி நின்றார். ஓதலையும் படிப்பையும் அவர் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர முயன்றார். அறபு இலக்கணத்தை முறைப்படி கற்பித்துப் பொருளுணர்ந்து ஓதச் செய்தல், தமிழைச் செம்மையாகக் கற்பித்தல், ஆங்கிலத்தின் வழியே நவீன அறிவைப் பெறச் செய்தல் ஆகிய மூன்றும் அவரது திட்டத்திற் பிரிக்க முடியாதவை. அதற்கான பாடநூல்களையும் அவரே எழுதினார். 1891 இலே கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கான பாடசாலையைத் தொடங்கித் தம் சகோதரி முத்து நாச்சியாரை அதன் பொறுப்பில் அமர்த்தினார். கொழும்பின் ஸாஹிரா தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே கண்டியில் ஒரு முஸ்லிம் பெண் பாடசாலைத் தலைவியாக இருந்தார் என்னும் செய்தி, நமது கல்வி வரலாற்று நூல்களில் ஒரு வாக்கியத்துடன் முடிந்துவிடுகின்றது. ஸாஹிராவுக்கு அத்தியாயங்கள், முத்து நாச்சியாருக்கு ஒரு வாக்கியம். வரலாறெழுதுவோரின் விழுமியத்தை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

சித்திலெப்பையின் எல்லைகளையும் நாம் கூறியாக வேண்டும். 1885 இல் வெளிவந்த அவரது 'அசன்பேயுடைய கதை' ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது. எகிப்தியப் பெருங்குடியிலே பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, ஈற்றில் பெற்றோரை அடையும் ஒருவனின் கதை அது. கல்வியும் நல்லொழுக்கமும் உடையவன் எத்தேசத்திலும் உயர்வான் என்பது அதன் உட்கிடை. ஆயினும், கதை நிகழுமிடம் இலங்கையன்று. கண்டிக் கடைத்தெருவோ அக்குறணைக் குடியானவனோ அதில் இல்லை. ஆங்கிலேயர் மீதான நல்லெண்ணமும் நாவலிலே வெளிப்படையானது. உறாபியைப் போற்றிய மனமும் ஆங்கில ஆட்சியின் நீதியில் நம்பிக்கை வைத்த மனமும் ஒருவருள்ளேயே இருந்தன. இம்முரண்பாடு அவரது தனிப்பட்ட குறையன்று. குடியேற்ற ஆட்சியின் கீழ் வளர்ந்த நடுத்தர வர்க்கம் முழுவதற்கும் உரியது. கல்வி என்பது ஆட்சியாளரை எதிர்ப்பதற்கான வலிமையா, அல்லது அவரது அவையிலே இடம்பெறுவதற்கான தகுதியா என்னும் வினாவுக்கு அவ்வர்க்கம் இறுதிவரை தெளிவான விடை கூறவில்லை.

4

1898 இல் சித்திலெப்பை கண்டியில் மறைந்த பின்னர், அவரது திட்டத்தின் மூன்று கூறுகளும் மூன்று திசைகளில் பிரிந்தன. ஆங்கிலக் கல்வி ஸாஹிராவின் பாதையிற் சென்றது. 1921 முதல் 1948 வரை அதன் அதிபராக இருந்த டீ. பீ. ஜாயாவின் காலத்தில் அக்கல்லூரி நாடளாவிய முஸ்லிம் நிறுவனமாக வளர்ந்தது. கம்பளையிலும் மாத்தளையிலும் ஸாஹிராக்கள் தோன்றின. அறபுக் கல்வி, வெலிகமை, காலி, மஹரகம முதலிய இடங்களில் எழுந்த அறபுக் கல்லூரிகளுக்கு உரியதாயிற்று. அவற்றில் தேர்ந்தோர் மேற்படிப்பிற்குக் காயல்பட்டினத்தையோ வேலூரையோ நாடினர். தமிழ், எவரும் தனியே உரிமை பாராட்டாத வீட்டு மொழியாக எஞ்சியது.

தமிழ் இவ்வாறு எஞ்சியமைக்கு அரசியற் காரணமும் உண்டு. பொன்னம்பலம் இராமநாதன் 1880களிலே சட்டசபையிலும், 1888 இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் முன் படித்த கட்டுரையிலும், சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். சட்டசபைப் பிரதிநிதித்துவத்தை முன்னிட்டெழுந்த இவ்வாதத்துக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இலே நூல் வடிவில் மறுப்பு எழுதினார். அதன்பின், தமிழ் பேசுதல் என்னும் எளிய உண்மையே அரசியல் ஆபத்து உடையதாகக் கருதப்படலாயிற்று. சமூகத்தின் மொழி தமிழாக இருக்க, சமூகத் தலைவரின் மொழி ஆங்கிலமாகவும், புனித மொழி அறபாகவும் அமைந்தன. எந்த மொழியில் பிள்ளை சிந்திக்கின்றதோ அந்த மொழிக்கு மதிப்பில்லாத கல்வி எவ்விழுமியத்தை ஆழமாக ஊன்ற முடியும்? அறபுத் தமிழ் நூல்கள் அச்சேறுவது குறைந்து, ஈற்றில் அவற்றை வாசிப்போரும் அருகினர். சமய அறிவைத் தாய்மொழியின் வழியே பெண்களுக்கும் பாமரருக்கும் எடுத்துச் சென்ற ஒரே பாலம் இவ்வாறு எவரும் இடிக்காமலே இடிந்தது.

இத்தகைய சூழலிலே, சிவில் சேவையிலும் ஸாஹிராவின் அதிபர் பதவியிலும் இருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அறபுத் தமிழின் அருமையை எடுத்துரைத்தமையும், தமிழிலேயே தம் முக்கிய நூல்களை எழுதியமையும் விதந்து கூறத்தக்கவை. 1942 இலே நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அறபுத் துறை இடம்பெற்று, 1952 இலே பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது, கண்டிப் பிரதேசம் மீண்டும் ஒரு வாய்ப்பைப் பெற்றது. தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றி ம. மு. உவைஸ் இப்பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வு 1953 இலே நூலாயிற்று. கல்ஹின்னைத் தமிழ் மன்றம் போன்ற சிற்றூர் வெளியீட்டகங்கள் நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டன. ஆயினும், பல்கலைக்கழகத்தில் அறபு ஒரு துறை; தமிழ் மற்றொரு துறை. இரண்டும் சந்திக்கும் இடமாகிய அறபுத் தமிழ், இரண்டிற்கும் ஓரப் பொருளாயிற்று.

5

பெருந்தொகையான முஸ்லிம் பிள்ளைகளின் வாழ்வை மாற்றியது கொடைவள்ளல்களின் கல்லூரிகளைவிட 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியே ஆகும். மலைநாட்டுக் கிராமங்களிலே, கட்டணம் செலுத்த இயலாத சிறு வியாபாரிகளின், பயிர்ச்செய்கையாளரின் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, தாய்மொழிவழிப் பாடசாலை அதன் பின்னரே எட்டியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோது கல்வி அமைச்சராக இருந்தவர், முன்னர் கம்பளை ஸாஹிராவின் அதிபராகப் பணிபுரிந்த பதியுத்தீன் மஹ்மூத். 1970 முதல் 1977 வரை மீண்டும் அப்பதவியை வகித்த அவரது காலங்களில் முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. கண்டியின் முஸ்லிம் மகளிர் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதே காலத்திற் பல்கலைக்கழக அனுமதியிலே கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், தமிழ் மாணவரிடையே ஆழ்ந்த மனக்காயத்தை ஏற்படுத்தியது. பின்தங்கிய பிரதேசங்களுக்கு வாய்ப்பளித்தல் என்னும் நியாயமும், மொழிவாரியாக மாணவரைப் பிரித்தல் என்னும் அநியாயமும் ஒரே கொள்கையிற் பின்னிப் பிணைந்திருந்தன. இரு சமூகங்களின் ஆய்வாளரும் அவ்விரண்டையும் பிரித்துப் பேசத் தயங்கியே வந்துள்ளனர்.

அரசு பாடசாலையிலே 'இஸ்லாம்' ஒரு பாடமாயிற்று. இது வெற்றியெனவே கருதப்பட்டது. ஆனால், பாடம் என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் புள்ளி. தொழுகையின் நிபந்தனைகளை வரிசைப்படுத்தி எழுதிய மாணவன் சிறப்புச் சித்தி பெறுவான். அளவையில் நேர்மையாக நடப்பவனுக்கு அங்கு புள்ளியில்லை. ஓதற்பள்ளியிலே ஒழுக்கத்தோடு இணைந்திருந்த அறிவு, இங்கே விடைத்தாளோடு இணைந்தது. மறுபுறம், அறபுக் கல்லூரிகளில் ஓதிய இளைஞன் நாட்டின் வரலாற்றையோ விஞ்ஞானத்தையோ அயலவனின் மொழியையோ போதியளவு அறியாது மௌலவியாக வெளியேறினான். ஓதற்பள்ளியின் பழைய லெப்பை அயலூர்ச் சிங்களவருடன் அன்றாடம் கொடுக்கல் வாங்கல் செய்தவர். புதிய மௌலவியோ விடுதி மதிலுக்குள்ளே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர். இவ்விடைவெளியை உணர்ந்த முயற்சியாகவே, 1973 இல் பேருவளையிலே தொடங்கப்பட்ட ஜாமிஆ நளீமிய்யாவைக் கருத வேண்டும். சமயக் கல்வியையும் பல்கலைக்கழகக் கல்வியையும் இணைத்த அதன் பாடத்திட்டம், சித்திலெப்பையின் எண்ணத்துக்கு மிக அண்மையில் வந்தது. எனினும், அது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்பிள்ளைகளுக்கான நிறுவனம். ஊர்தோறும் உள்ள ஓதலையும் படிப்பையும் அது இணைக்கவில்லை.

பெண்கல்வியைப் பொறுத்தவரை, இன்று கண்டி மாவட்டத்து முஸ்லிம் பாடசாலைகளிலே கற்பித்தலின் பாரத்தைப் பெருமளவுக்குப் பெண் ஆசிரியைகளே சுமக்கின்றனர். 1891 இலே ஒருவர் ஏற்ற பொறுப்பை இன்று பலர் ஏற்றுள்ளனர். இது மறுக்கவியலாத முன்னேற்றம். எனினும், பள்ளிவாசல் நிருவாகத்திலும், சமயப் பாடத்திட்டத்தை வகுக்கும் அவைகளிலும் அவர்களது குரல் எவ்வளவு ஒலிக்கின்றது என்பதைக் கேட்காமல், எண்ணிக்கையை மட்டும் காட்டி மனநிறைவு கொள்வது போதாது. கற்பிக்கத் தகுதியுடையவள் தீர்மானிக்கத் தகுதியற்றவள் என்று கொள்வது எவ்வகை விழுமியம்?

6

இவ்வினாக்கள் வெறும் வரலாற்றார்வத்தால் எழுபவையல்ல. 1915 மே 28 ஆம் நாள் இரவு கண்டி நகரில் ஒரு பள்ளிவாசலின் அருகே தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. கம்பளைப் பெரஹராவின் ஊர்வலப் பாதை பற்றிய வழக்கு அதற்கு முன்னோடியாக அமைந்தது. நூறாண்டுகளுக்குப் பின்னர், 2018 மார்ச்சிலே, திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 2019 ஏப்ரல் 21 இல் நிகழ்ந்த கொடிய குண்டுத் தாக்குதல்களின் பின்னர் இஸ்லாமியக் கல்வி முழுவதுமே ஐயத்துக்கு உள்ளானது. 2021 மார்ச்சில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்ரஸாக்கள் மூடப்படும் எனப் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார்.

வெளியிலிருந்து வந்த இவ்வச்சுறுத்தல் உள்ளிருந்தான விமரிசனத்தைக் கடினமாக்கிவிட்டது. மத்ரஸாவின் குறையைச் சொல்பவன் பகைவனுக்குத் துணைபோகிறான் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகின்றது. அவ்வெண்ணத்தின் வலியை நாம் அறிவோம். ஆனால், பகைவன் கூறுவான் என்பதற்காக உண்மையைக் கூறாதிருந்தால், அதனைக் கூறும் உரிமையை அவனிடமே ஒப்படைத்தவராவோம். இனவாதியின் நோக்கம் மூடுதல். நம் நோக்கம் செம்மைப்படுத்தல். தம் சமூகத்தின் தேக்கத்தைத் தம் சமூகத்தாரிடமே, தமிழிலே, வாரந்தோறும் எடுத்துக் கூறிய 'முஸ்லிம் நேசன்' அதற்கான முன்மாதிரியை நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

சித்திலெப்பையின் பெயரைப் பாடசாலைக்குச் சூட்டுவதோடு நமது கடன் தீர்ந்துவிடாது. அவர் எழுப்பிய வினாவை மீண்டும் எழுப்புவதே அவருக்குச் செய்யும் மதிப்பு. ஓதப்படுவது விளங்கப்பட வேண்டும். அதற்குத் தாய்மொழி வேண்டும். அறபுத் தமிழ் மரபு, அருங்காட்சியகப் பொருளாகவன்றி, பாடசாலை இஸ்லாம் பாடத்திலும் தமிழ் இலக்கியப் பாடத்திலும் இடம்பெறல் வேண்டும். அறபுக் கல்லூரிகளிலே இந்நாட்டின் வரலாறும் சிங்கள மொழியும் கற்பிக்கப்படல் வேண்டும். அதுபோலவே, பெரும்பான்மைச் சமூகத்தின் பாடநூல்களிலும் பொதிமாட்டோடு கண்டியின் பாதைகளில் நடந்தவனின் வரலாறு இடம்பெறல் வேண்டும். ஊர்களில் இன்னும் வாழும் முதியோரிடமிருந்து, பெயர் அறியப்படாத லெப்பைமாரையும், திண்ணையில் அமர்ந்து ஓதிக் கொடுத்த பெண்களையும் பற்றிய நினைவுகளைத் திரட்டும் பணியைப் பேராதனை மாணவர் மேற்கொள்ளலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. காலம் கடத்தாமை ஒன்றே வேண்டும்.

கல்வி வரலாறு கல்லூரிகளைத் தொடக்கியவர்களின் வரலாறாகவே எழுதப்படும்வரை, கல்வியின் விழுமியம் கட்டடங்களின் எண்ணிக்கையாகவே கணிக்கப்படும். காலையில் படிக்கவும் மாலையில் ஓதவும் போகும் பிள்ளை ஒரே பிள்ளைதான். அப்பிள்ளைக்கு அவ்விரண்டும் ஒன்றாக விளங்கும் நாளிலேயே, கண்டியிலே தொடங்கப்பட்ட பணி நிறைவுறும்.